எதிர்க்காற்றும் பாய்க்கப்பலும்

வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசுகின்றது. பாயையன்றி வேறு துணையில்லாத தோணியொன்று வடக்கேயுள்ள துறையொன்றை அடைதல் வேண்டும். காற்றுத் தள்ளுவதோ தெற்கு நோக்கி. ஆயினும் தோணியோட்டி பாயை இழுத்துக் கட்டி, வடகிழக்கே சிறிது தூரமும், பின் அணியத்தைத் திருப்பி வடமேற்கே சிறிது தூரமுமாக மாறி மாறி ஓடி, காற்று எத்திசையிலிருந்து வருகின்றதோ அத்திசையிலேயே தன் துறையைச் சென்றடைகின்றான். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கு மாகடலைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தபோது, அதனைச் செலுத்திய மாலுமிகள் இவ்வித்தையிற் கைதேர்ந்தவர்களாய் இருந்தனர். கடலோடிகள் பழக்கத்தால் அறிந்த இதன் காரணத்தைக் கணிதம் எடுத்துரைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன.

தாமதத்திற்கு ஏது இல்லாமலில்லை. ஒரு பொருளைத் தள்ளினால் அது தள்ளிய திசையிற் செல்லும், தள்ளுதல் நின்றால் அதுவும் நிற்கும் என்பது அரித்தோத்தில் காலத்திலிருந்து வழங்கி வந்த கொள்கை. மாடு இழுக்கும் வண்டியை மட்டும் கண்டவனுக்கு அதிற் குறை தோன்றாது. ஆனால், விசைகள் இரண்டு வெவ்வேறு திசைகளில் ஒருங்கே தாக்கும்போது யாது நிகழும் என்ற வினாவுக்கு அக்கொள்கை விடை தரமாட்டாது.

விடைக்கு முதற்படி அமைத்தவருள் ஒருவர் சைமன் ஸ்ரெவின். 1586ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் ஒரு சங்கிலியைப் படமாக வரைந்து காட்டினார். ஒரு புறம் நீண்ட சாய்வும் மறுபுறம் அதிற் பாதி நீளமுள்ள செங்குத்தான சாய்வும் உடைய முக்கோணத்தின்மீது, 14 உருண்டைகள் கோத்த மாலையொன்று கிடக்கின்றது. நீண்ட சாய்வில் நான்கு உருண்டைகள், குறுகியதில் இரண்டு, எஞ்சியவை கீழே தொங்குகின்றன. நான்கும் சேர்ந்து இரண்டையும் இழுத்து வீழ்த்துமாயின், ஓர் உருண்டை சென்ற இடத்திற்கு மற்றோர் உருண்டை வந்துவிட, நிலைமை முன்போலவே இருக்கும். மாலை ஓயாது சுழன்றுகொண்டேயிருக்கும். அஃது இயலாது. ஆகவே மாலை அசையாது நிற்கும். நான்கும் இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்யும். சாய்வுகளிற் சமநிலையடையும் நிறைகள் அச்சாய்வுகளின் நீளங்களுக்கு விகிதசமமானவை என்பது ஒரு பரிசோதனைதானுமின்றிப் பெறப்பட்டது. பௌதிக வரலாற்றில் இதனினும் அழகிய நியாயம் அரிது. விசைக்குப் பருமனோடு திசையும் உண்டு, அதனை ஒரு கோட்டுத்துண்டாற் குறிக்கலாம் என்ற எண்ணம் இங்கிருந்தே வளர்ந்தது. 1687ஆம் ஆண்டில் நியூற்றனின் பெருநூலிலும், அதே ஆண்டிற் பிரான்சிய அறிஞர் வரிஞோனின் நூலிலும் இணைகர விதி தெளிவான உருவம் பெற்றது. இரு விசைகளை அடுத்துள்ள இரு பக்கங்களாகக் கொண்டு இணைகரம் வரைந்தால், அப்பக்கங்கள் சந்திக்கும் முனையிலிருந்து செல்லும் மூலைவிட்டமே அவற்றின் விளையுள்.

இவ்விதியைத் தோணிக்குப் பொருத்துக. வாடைக்காற்றில் வடகிழக்கு நோக்கி நிற்கும் தோணியின் பாய், தோணியின் நடுக்கோட்டுடன் 20 பாகை கோணம் அமைக்கின்றதெனக் கொள்க. பாய் காற்றை வளைத்து விலக்குகின்றது. காற்றும் பாயை எதிர்ப்புறமாகத் தாக்குகின்றது. அத்தாக்கம் ஏறக்குறையப் பாய்க்குச் செங்குத்தாகும். (உண்மையில் உராய்வினாற் சிறிது பின்சாயும், அதனை இங்குக் கணியாதுவிடினும் பெரும் பிழை நேராது.) விசையின் பருமன் 1000 நியூற்றன் எனின், அதன் திசை கிழக்கிலிருந்து 25 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். அஃதாவது, வடக்கே செல்ல வேண்டிய தோணியைப் பாய் தெற்குப்புறமாகவே தள்ளுகின்றது! இவ்விசையைக் கூறாக்கினால், அணியம் நோக்கிய கூறு 342 நியூற்றன். தோணியின் விலாப்புறமாகத் தள்ளும் கூறு 940 நியூற்றன். முன்செலுத்துவது சிறிது, பக்கம் தள்ளுவது அதனினும் ஏறக்குறைய மும்மடங்கு.

இங்கேதான் நீர் துணைக்கு வருகின்றது. நீளவாக்கில் நீரைக் கிழித்துச் செல்லும் தோணி, விலாப்புறமாக நகர முற்படும்போது, அடிமரமும் பக்கமும் நீரை அகலமாக அணைத்துத் தள்ள வேண்டியிருத்தலின் பெருந்தடையை எதிர்கொள்கின்றது. சிறிதளவு பக்கம் ஒதுங்கிய மாத்திரத்தில், நீர் 940 நியூற்றன் விசையை வடமேற்கு நோக்கி மறுதாக்கமாகத் தருகின்றது. ஒரு விசை தென்கிழக்குப்புறம் சாய்ந்தது. மற்றையது வடமேற்கு நோக்கியது. இரண்டின் விளையுளோ 342 நியூற்றன், வடகிழக்கு நோக்கி. காற்று மட்டும் இருந்திருப்பின் தோணி ஒதுக்கப்பட்டிருக்கும். நீர் மட்டும் இருந்திருப்பின் அசைந்தேயிராது. (பாயின் விசை உயரத்திலும் நீரின் விசை தாழ்விலும் தாக்குதலால் அவை ஓர் இணையாகித் தோணியைச் சரிக்கவும் செய்யும், அடிப்பாரம் ஏற்றுவது அதன்பொருட்டே.)

நீரின் இத்துணை இன்றியமையாதது என்பதை ஒல்லாந்தர் நன்கு அறிந்திருந்தனர். ஆழமற்ற நீரில் ஓடும் அவர்தம் தட்டையடிப் படகுகளுக்கு ஆழ்ந்த அடிமரம் இல்லை. ஆதலால் இரு விலாக்களிலும் பலகைகளைத் தொங்கவிட்டு, வேண்டியபோது நீரில் இறக்கினர். மேற்கூறிய ஸ்ரெவினே 1600ஆம் ஆண்டளவில் மோறிஸ் இளவரசருக்காகப் பாய் கட்டிய வண்டியொன்றை அமைத்துக் கடற்கரை மணலில் ஓடச் செய்தார். முன்னே எளிதில் உருண்டு, பக்கவாட்டிற் பெயர மறுக்கும் சில்லு, அங்கே அடிமரத்தின் தொழிலைச் செய்தது.

விளையுள் 342 நியூற்றன் என்றதும், தோணியை நிலையான வேகத்தில் ஓட வைத்திருப்பது அவ்விசையே என மாணவர் பலர் எழுதுவர். பழைய கொள்கை வேறு உருவில் மீண்டும் தலைகாட்டும் இடம் இது. நியூற்றன் விதிப்படி விளையுள் விசை வேகத்தைத் தருவதன்று, வேகமாற்றத்தைத் தருவது. தோணியின் திணிவு 2000 கிலோகிராம் எனின், புறப்படும் கணத்தில் அதன் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.17 மீற்றர். வேகம் கூடக் கூட முன்னோட்டத்தைத் தடுக்கும் நீர்த்தடையும் கூடும். அத்தடை முன்செலுத்தும் விசைக்குச் சமனாகுங்கால் விளையுள் சுழியமாகும். அந்நிலையில் தோணி நிற்பதில்லை. அடைந்த வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும். துறையிற் கட்டிக் கிடக்கும் தோணிக்கும், நடுக்கடலிற் சீராக ஓடும் தோணிக்கும், விளையுள் விசை ஒன்றே: சுழியம். இவ்வொற்றுமையை ஏற்க மனம் தயங்குமாயின் இணைகரத்தை எத்தனை முறை வரைந்தும் பயனில்லை.

விசைகள் மட்டுமன்றி வேகங்களும் இவ்வாறே கூடும். காற்றின் வேகம் செக்கனுக்கு 6 மீற்றர், தோணியின் வேகம் 3 மீற்றர் எனின், தோணியில் இருப்பவனுக்குக் காற்று வடக்கிலிருந்தன்றி, வடக்கிலிருந்து ஏறத்தாழ 15 பாகை கிழக்கே விலகிய திசையிலிருந்து, 8.4 மீற்றர் வேகத்தில் வருவதாகத் தோன்றும். அணியத்திற்கும் காற்றுக்கும் இடையிலிருந்த 45 பாகை, 30 பாகையாகச் சுருங்கிவிடும். எனவே அவன் பாயை இன்னும் உள்ளே இழுக்கின்றான். பாய்க்கும் நடுக்கோட்டுக்கும் இடைக்கோணம் 10 பாகையாகும்போது, காற்று வலுத்தமையால் விசை கூடினும், ஒவ்வோர் 1000 நியூற்றனிலும் முன்செலுத்துவது 174 மட்டுமே. அணியத்தை மேலும் காற்றுமுகமாகத் திருப்பினால் அதுவும் குன்றிப் பாய் படபடக்கும், தோணி தளரும். நேர் வடக்கே செல்லாது வளைந்து வளைந்து ஓடுதல் இதனாலேயே நேர்ந்தது.