ரூபாயிலா, யூரோவிலா?

போன அக்டோபரில் ஒரு நள்ளிரவு அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் ஒன்று வந்தது. மேற்படிப்புக்காக அவள் ஜெர்மனி போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. படத்தில் இருந்தது ரயில் நிலைய ஏடிஎம்மின் திரை. 200 யூரோ கேட்டவளிடம், இதற்கு இத்தனை ரூபாய் பிடித்துக்கொள்கிறேன், சம்மதமா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே, “மாமா, எதை அமுக்க? பின்னாடி ஆள் நிக்கிறாங்க.”

“வேண்டாம்னு அமுக்கு.”

“வேண்டாம்னா பணம் வராதே?”

“வரும். அமுக்கு.”

வந்தது. அவளுக்கு வந்த சந்தேகம் எல்லோருக்கும் வரும். வரட்டும் என்றுதான் அந்தத் திரையை வடிவமைக்கிறார்கள். ‘சம்மதம்’ பெரிதாகப் பச்சையில் இருக்கும். ‘வேண்டாம்’ ஓர் ஓரத்தில், அமுக்கினால் எல்லாமே ரத்தாகிவிடும் என்பதுபோல் ஒதுங்கி நிற்கும். உண்மையில் அது மறுப்பது நாணய மாற்றத்தை மட்டுமே.

இந்த ஏற்பாட்டுக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர். யூரோவை ரூபாயாக மாற்றும் வேலையை நம் வங்கியிடமிருந்து பறித்து, ஏடிஎம் வைத்திருப்பவரோ கடைக்காரரோ சேர்த்துக்கொண்ட இன்னொரு நிறுவனம் செய்கிறது. விலை வைப்பது அவர்கள், லாபத்தைப் பங்கு போடுவதும் அவர்கள். கணக்குக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 யூரோவின் நியாயமான மதிப்பு 20,000 ரூபாய். நம் வங்கி 3.5 சதவீதம் மார்க்கப் போட்டால் 700 ரூபாய், அந்த 700-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய், ஆக 20,826. ஏடிஎம் தன் விலையில் 9 சதவீதம் ஏற்றி வைத்திருந்தால் 21,800. ஒரே பொத்தானில் 974 ரூபாய் வித்தியாசம். ரூபாயில் கட்டினால் வங்கியின் கட்டணமாவது மிஞ்சுமே என்றால் அதற்கும் உறுதியில்லை. வெளிநாட்டில் ரூபாயில் நடந்த வரவுசெலவுக்கும் கட்டணம் பிடிக்கிற வங்கிகள் இங்கே உண்டு. மார்க்கப்பே இல்லாத கார்டு என்று தேடி வாங்கியவருக்கு, ‘சம்மதம்’ அமுக்கிய நொடியில் அந்தச் சலுகை வீண்.

நாம் இந்தியாவிலிருந்து வருகிறோம் என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் எந்த வங்கி கொடுத்த கார்டு என்பதைச் சொல்லிவிடும். சிப்புக்குள் நாட்டின் எண்ணும் இருக்கிறது, இந்தியாவுக்கு 356. கார்டு எண்ணின் கடைசி இலக்கத்துக்கும் ஒரு வேலை உண்டு. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1960-இல் காப்புரிமை பெற்ற கணக்கின்படி, வலக்கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு இலக்கத்தை இரட்டித்து எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். (இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் அதிலிருந்து 9-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும்.) இணையத்தில் ஓர் இலக்கத்தைத் தப்பாகத் தட்டியதுமே சிவப்பெழுத்து வருவது இதனால்தான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும், 09-ஐ 90 என்று எழுதினால் மட்டும் ஏமாந்துபோகும்.

கார்டின் முதுகில் ஓடும் கறுப்புப் பட்டை நாம் பாட்டுக் கேட்ட கேசட் நாடாவுக்குச் சொந்தக்காரன். 1960-களில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி நாடாவைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட வழி தெரியாமல் திண்டாட, அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டிக் கொடுத்தார் என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் கதை. கேசட்டைப் பதிவு செய்வதுபோல் பட்டையையும் பிரதி எடுக்கலாம். கள்ளக் கார்டுகள் அப்படித்தான் பெருகின. சிப் வேறு ஜாதி. அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, அது வெளியே வருவதே இல்லை. கடை இயந்திரம் ஒரு புதிய எண்ணைக் கொடுக்கும். அந்த எண், தொகை, இது எத்தனையாவது வரவுசெலவு என்கிற கணக்கு எல்லாவற்றையும் சாவியோடு கலந்து சிப் விடையை மட்டும் சொல்லும். வங்கி தன்னிடம் உள்ள சாவியால் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். நேற்றைய விடையை ஒருவன் திருடினாலும் இன்றைக்குச் செல்லாது. ஆகவே சிப் இருக்கும்போது கார்டைப் பட்டைப் பக்கமாகத் தேய்க்க வரும் கடைக்காரரிடம், செருகச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் முன்பணத்துக்காக டெபிட் கார்டைக் கொடுத்தேன். “எடுக்கவில்லை சார், நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறோம்” என்றார் வரவேற்பிலிருந்த பெண். அவர் சொன்னது சரிதான். கார்டு வரவுசெலவுக்கு இரண்டு கட்டம்: முதலில் அனுமதி, பிறகு வசூல். அனுமதி கிடைத்ததும் தொகை பூட்டப்படும். வசூல் நடக்காவிட்டால் ஒருநாள் பூட்டு தானே திறக்கும். எனக்குத் திறக்கப் பதினோரு நாள் ஆனது. டெபிட் கார்டில் பூட்டப்படுவது சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் பணம், கிரெடிட் கார்டில் வங்கி தந்த வரம்பு. ஹோட்டலுக்கும் வாடகைக் காருக்கும் கிரெடிட் கார்டை நீட்டச் சொல்வது இதனால். ஏடிஎம்முக்கு நேர்மாறு. கிரெடிட் கார்டில் காசு எடுத்தால் எடுத்த அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

கிளம்புமுன் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடையிலும் மட்டும் வேலை செய்யும்படிதான் வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும். தேவையானதை மட்டும் திறந்து, வரம்பையும் குறைத்து வையுங்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவும் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துக்கொள்ளும். ஓடிபி கேட்கிற தளமானால் அது இந்திய எண்ணுக்குத்தான் வரும், அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு கார்டையும் ஒரே பர்ஸில் வைத்தால் ஒரே திருடனுக்கு இரண்டும் கிடைக்கும். அடுத்தவர் செய்த மோசடியில் நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாதபோது, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டமில்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஊர் சுற்றும்போதும் குறுஞ்செய்திகளைப் படிப்பது நல்லது.

மாணவர்களுக்கு இன்னொரு கண்ணி. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த டிராசன் பிரேலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் மேலாண்மை மாணவர்களிடையே கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ஒரு பிரிவினர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், மற்றவர்கள் கிரெடிட் கார்டில். கார்டுக்காரர்கள் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. கையிலிருந்து தாள் போகும்போது வரும் சுருக்கென்ற வலி கார்டில் மரத்துப்போகிறது. யூரோவில் எழுதியிருந்தால் இன்னும் மோசம். நான்கு யூரோ காபி நம் காதில் நான்கு ரூபாயாகத்தான் விழுகிறது.

போன வாரம் அக்கா மகள் பேசினாள். இப்போது திரையைப் படிக்காமலே ‘வேண்டாம்’ பொத்தான் எங்கே இருக்கும் என்று தெரிகிறதாம். அவள் தெருமுனை பேக்கரியில் அந்தத் தொல்லையும் இல்லை. அங்கே கார்டே வாங்குவதில்லை. சில்லறை இல்லாமல் இரண்டு நாள் ரொட்டி வாங்காமலே திரும்பினாளாம்.