மல்லிக்கு ரேடியோ

பக்கத்து வீட்டு மாமி காலை ஆறு மணிக்கு ஒரு கையில் பூவாளி, இன்னொரு கையில் ரேடியோவோடு மாடி ஏறிவிடுவார். "பாட்டு கேட்டா மல்லி நன்னாப் பூக்கும்டி, நீயும் வெச்சுப் பாரேன்" என்பார். அவர் வீட்டுச் செடியும் என் வீட்டுச் செடியும் ஒரே நர்சரியில் வாங்கியவை. பூ என்னவோ அவர் செடியில்தான் அதிகம்.

மாமி சொல்வதைச் சொன்ன விஞ்ஞானியும் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி.சி.என். சிங், காசித்தும்பைச் செடிகளுக்கு ராகங்களைக் கேட்கச் செய்து, அவை செழித்து வளர்ந்ததாக அறிவித்தார். அமெரிக்காவின் டோரதி ரெட்டலாக் இதே விஷயத்தைப் பற்றி 1973-இல் புத்தகமே எழுதினார். தண்ணீர், வெயில், கவனிப்பு எல்லாம் எல்லாச் செடிக்கும் ஒரே அளவில் இருந்தனவா என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். திருப்தியான பதில் வரவில்லை.

கலைஞர்களுக்கு அந்தச் சந்தேகம் தடையில்லை. 2020 ஜூன் 22 அன்று, கொரோனா ஊரடங்கு முடிந்த கையோடு, பார்சிலோனாவின் லிசெயு ஆப்பரா அரங்கில் ஒரு கச்சேரி நடந்தது. 2,292 இருக்கை, ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டிச் செடி. மனிதர் ஒருவரும் இல்லை. மேடையில் நாலு பேர் தந்தி வாத்தியங்களில் புச்சினியின் 'கிரிசாந்தெமி'யை வாசித்தார்கள். சாமந்திப் பூக்கள் என்று பொருள். 1890-இல் எழுதப்பட்ட இரங்கல் இசை. ஏற்பாடு செய்தவர் எவுஹேனியோ அம்புதியா என்ற கலைஞர். கச்சேரி கேட்ட செடிகள் அத்தனையும் 2,292 மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசாகப் போயின.

சரி, செடிக்குக் கேட்குமா? காது கிடையாது. ஆனால் ஒலி என்பது அதிர்வு. இலையும் இதழும் அதில் நடுங்கும். புழு இலையைக் கடிக்கும் அதிர்வை மட்டும் பதிவு செய்து, மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஒரு கடுகினச் செடிக்குக் கொடுத்தார்கள். பிறகு நிஜப் புழு வந்தபோது அந்தச் செடி காரமான எண்ணெயைக் கூடுதலாகச் சுரந்தது. காற்றின் அதிர்வுக்கு அப்படிச் செய்யவில்லை. 2014-இல் வந்த முடிவு இது. 2019-இல் டெல் அவிவ் ஆய்வாளர்கள் கடற்கரை மணலில் வளரும் ஒரு மஞ்சள் பூவுக்குத் தேனீயின் ரீங்காரத்தைக் கேட்க வைத்தார்கள். மூன்றே நிமிடத்தில் தேனில் இனிப்பு ஏறியது. பூவைக் கண்ணாடிக் குடுவையால் மூடியதும் அந்த மாற்றம் இல்லை.

ஆக, செடி கவனிப்பது அதன் பிழைப்புக்குச் சம்பந்தமான ஓசையை. கல்யாணியா தோடியா என்று அதற்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் மாமியின் மல்லி? ஒரு வாரம் கவனித்தேன். பாட்டு முடியும்வரை மாமி இறங்குவதில்லை. அந்த அரை மணி நேரத்தில் பழுத்த இலையைக் கிள்ளுகிறார், மாவுப்பூச்சியைத் துணியால் துடைக்கிறார், மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்க்கிறார். நான் இரண்டு நிமிடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிவிடுகிறேன். பாட்டு மாமியை நிற்க வைக்கிறது. மாமி செடியைப் பார்த்துக்கொள்கிறார்.

ரேடியோவை நிறுத்த வேண்டாம். கூடவே இன்னொன்றும் செய்யுங்கள்: துளசி கதிர் விட்டதும் எல்லாவற்றையும் கிள்ளாமல் இரண்டைப் பூக்க விடுங்கள். தேனீ வரும். செடிக்கு வேண்டிய கச்சேரி அதுதான்.