நம்பிக்கை: ஒரே சொல், பல பொருள்

"டாக்டர் மேல் நம்பிக்கை இருக்கு" என்கிறோம். அங்கே அது அவரது திறமையை ஏற்பது. "பிள்ளை பாஸாகிவிடுவான்னு நம்பிக்கை" என்றால் எதிர்பார்ப்பு. "நம்பிக்கையான ஆள்" என்றால் நாணயமானவர். "மறுமையில் நம்பிக்கை" என்றால் மார்க்கக் கொள்கை. தமிழில் இத்தனையையும் ஒரே சொல் சுமக்கிறது.

அரபியில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. உள்ளத்தால் உண்மையென ஏற்று உறுதி கொள்வது ஈமான். அல்லாஹ்வின் அருளை எதிர்பார்த்திருப்பது ரஜா. முயற்சி செய்துவிட்டு முடிவை அவனிடம் ஒப்படைப்பது தவக்குல். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது அமானத். நம் வழக்கில் அமானிதம்.

ஈமான், அமானத் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அலிஃப், மீம், நூன். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. மக்காவின் குறைஷிகள் நபி (ஸல்) அவர்களை 'அல்அமீன்' என்று அழைத்தார்கள். அவர்களது தூதுத்துவத்தை மறுத்த பிறகும், தங்கள் பொருட்களை அவர்களிடமே ஒப்படைத்து வைத்திருந்தார்கள். ஹிஜ்ரத்தின்போது அவற்றை உரியவர்களிடம் திருப்பித் தர அலீ (ரலி) அவர்களை நபியவர்கள் மக்காவில் விட்டுச் சென்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. குறைஷிகளிடம் நம்பகம் இருந்தது, ஈமான் இல்லை.

கடனும் நம்பிக்கையும்

இந்த வேறுபாட்டை மறப்பதால் நம் குடும்பங்களில் அடிக்கடி சிக்கல் வருகிறது. "மச்சான், நமக்குள்ள எதுக்கு எழுத்து? என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டால், கொடுப்பவர் வாயடைத்துப் போகிறார். எழுதக் கேட்பதே ஈமானில் குறை என்பதுபோல் ஆகிவிடுகிறது.

ஆனால் குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. தவணையைக் குறிக்கவும், சாட்சிகளை வைக்கவும் சொல்கிறது. தொகை சிறிதானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. அடுத்த வசனமோ, ஒருவர் மற்றவரை நம்பி ஒப்படைத்தால், நம்பப்பட்டவர் அந்த அமானிதத்தை நிறைவேற்ற வேண்டும் என்கிறது. ஆக, நம்பியவரைவிட நம்பப்பட்டவர் மீதே பொறுப்பு அதிகம்.

வாங்கியவர் மௌத்தாகிவிட்டால் என்னவாகும்? சொத்தைப் பங்கிடும் முன் கடனை அடைக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம் (4:11, 12). எழுத்து இல்லையென்றால் மனைவி மக்களுக்குக் கடன் இருப்பதே தெரியாது. கொடுத்தவர் கேட்டு வந்தால், உண்மையா பொய்யா என்ற சந்தேகத்தில் உறவு முறியும். மௌத்தானவரின் கடனும் தீராமல் நிற்கும்.

எனவே எழுதிக் கேட்பவரை நம்பிக்கையற்றவர் என்று எண்ண வேண்டாம். கடன் வாங்கும் நாமே முந்திக்கொண்டு, "எழுதிக்குங்க மச்சான், ரெண்டு பேருக்கும் நல்லது" என்று சொல்வோம். தொகை, தேதி, தவணை, இரண்டு சாட்சிகள். ஒரு தாள் போதும். நம் ஈமான் நம்மிடமுள்ள அமானிதத்தில் வெளிப்படட்டும்.

அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக!