மருத்துவச் செலவுக்குக் கடன் வேண்டாம்

வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால் என்ன செய்கிறோம்? நகையை அடகு வைக்கிறோம். வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். சிலர் நிலத்தையே விற்கிறார்கள்.

இந்தத் துன்பத்தைக் குறைக்க மத்திய அரசு 2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியது. பட்டியலில் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை உண்டு. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குத்தான் இது பொருந்தும். 70 வயது நிறைந்தவர்கள் 2024 முதல் வருமான வரம்பு இல்லாமல் சேரலாம்.

எப்படிச் சேருவது?

1. ஆதார் அட்டை, ரேஷன் அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. பொதுச் சேவை மையத்துக்கு அல்லது திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.
3. பட்டியலில் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் இருந்தால் அட்டை கிடைக்கும்.

சந்தேகமா? 14555 எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை.

நோய் வந்தபின் அலைய வேண்டாம். இன்றே அட்டை வாங்கி வைப்போம்.