மஞ்சள் விளக்கு மின்னியது ஏன்?



மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் ஓட்டும் தோழர் ஒருவர் சென்ற மழைநாளில் ஒரு புகாரோடு வந்தார். "குன்னூருல இருந்து இறங்கிட்டு இருந்தனுங்கண்ணா. பர்லியாறு பக்கம் ஒரு வளைவு. வண்டி சறுக்குற மாதிரி போயி, ஒரு வெட்டு வெட்டித் தானாத் திரும்புச்சுங்க. மீட்டர்ல மஞ்ச வெளக்கு நாலஞ்சு தடவை மின்னுச்சு. ஒர்க்‌ஷாப்புல காட்டினா கோளாறே இல்லைங்கறாங்க!"

கோளாறு ஏது? மலைச்சாலையிலே அவர் பிழைத்ததன் அடையாளமல்லவா அந்த விளக்கு!

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இரட்டை மாட்டு வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டும். வண்டிக்காரர் என்ன செய்வார்? இடத்து மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுப்பார். அது தயங்கும், வலத்து மாடு முந்தும், வண்டி திரும்பும். ரேக்ளா ஓட்டும் பொள்ளாச்சிப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்?

காரிலே அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பது ஒரு மின்னணுக் கருவி. ஈ.எஸ்.சி. என்பார்கள், ஈ.எஸ்.பி. என்பார்கள், பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே. ஓட்டுநர் ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினார் என்று பார்க்கிறது ஓர் உணர்கருவி. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறது இன்னொன்று. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் தனித்தனியே எண்ணுகின்றன வேறு நான்கு. கை சொன்னதும் வண்டி செய்வதும் ஒத்துப்போனால் கருவி வாய் திறவாது. ஒத்துப்போகவில்லையா? கண் இமைக்கும் முன்னே ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக்!

எந்தச் சக்கரத்துக்கு? இடப்பக்க வளைவில் திரும்ப மறுத்து நேரே பள்ளத்தை நோக்கிப் போகிறதா வண்டி, இடப்பக்கத்துப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். வால் வெளியே வீசிச் சுழலப் பார்க்கிறதா, வலப்பக்கத்து முன்சக்கரத்தைப் பிடிக்கும். வேண்டுமானால் எஞ்சின் விசையையும் குறைக்கும். நம் காலில் இருப்பது ஒரே பிரேக் மிதி. ஒற்றைச் சக்கரத்தை மட்டும் பிடிக்க எந்தச் சூரனாலும் ஆகாது. ஏ.பி.எஸ். இருந்தால் போதாதா என்பார்கள் சிலர். அது பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், அவ்வளவே. இதுவோ, நாம் பிரேக்கைத் தொடாதபோதும் விழித்திருப்பது.

இது யாருக்காகப் பிறந்தது தெரியுமா? 1995ஆம் ஆண்டு, ஜெர்மனியின் மெர்சிடஸ் நிறுவனத்தின் கோடீசுவரர் வண்டியிலே முதலில் வந்தது. பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். சின்னக் காருக்கு எதற்கு இந்தச் செலவு என்றிருந்தவர்களைத் திருத்தியது ஆட்சியா? நீதிமன்றமா? இல்லை, ஒரு பத்திரிகை! 1997இல் அதே நிறுவனம் "ஏ கிளாஸ்" என்றொரு சிறு காரை விற்பனைக்கு விட்டது. சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர்கள் அதை ஓட்டிப் பார்த்தார்கள். அந்நாட்டுக் காட்டுச் சாலையில் குதிரை உயர மான் திடீரெனக் குறுக்கே பாயும். அதற்கு விலகி ஒடிப்பதுபோல் ஒடித்தார்கள். கவிழ்ந்தது கார்! நிறுவனத்தின் பெருமையும் கூடவே கவிழ்ந்தது. விற்பனையை நிறுத்தினார்கள், கோடீசுவரர் கருவியைச் சிறு கார் ஒவ்வொன்றிலும் பொருத்திய பிறகே மீண்டும் விற்றார்கள். முதுமலைச் சாலையில் மானுக்கும் காட்டெருமைக்கும் ஒடிக்கும் நம் ஓட்டுநருக்கு அந்தச் சோதனை அந்நியமானதா?

அமெரிக்கா 2007இல் விதி செய்து, 2012 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2014 முதல் புதுக் கார் எதுவும் இதின்றி விற்கப்படவில்லை. இங்கோ நெடுங்காலம், கூடுதல் பணம் கட்டி உயர்ந்த வகை வாங்குவோருக்கே கிடைத்தது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில், மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற இக்கருவி இருந்தாக வேண்டும் என்றார்கள். நல்லது! ஆனால் அந்த மதிப்பீட்டுக்குத் தம் வண்டியைக் கொண்டுவருவது நிறுவனத்தாரின் விருப்பம் என்றும் வைத்தார்கள். மலைப்பாதைக்கு இருக்கிறதா இந்த விருப்பம்? வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் கல்லட்டியின் 36 வளைவுகளும், வருகிறவன் உயர்ந்த வகை வாங்கினானா, தாழ்ந்த வகை வாங்கினானா என்று கேட்டா பள்ளத்தைக் காட்டுகின்றன?

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பேருந்து விட்டார் ஜி.டி. நாயுடு. இயந்திரம் அறிந்த மண் இது! ஆகவே ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன். இக்கருவி மந்திரமல்ல. சாலையைப் பற்றுவது டயர்தான். மொட்டை டயரில் கருவி பிடித்தும் பயனில்லை. நியூட்ரலில் இறங்கிப் பிரேக்கைத் தீய்த்தவனையும் அது காக்காது. தாழ்ந்த கியரில்தான் இறங்க வேண்டும். விளக்கு மின்னி அணைந்தால் கருவி வேலை செய்கிறதென்று பொருள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால்தான் கோளாறு, அல்லது யாரோ பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தோழரின் முதலாளி அடுத்த மாதம் இன்னொரு வண்டி எடுக்கிறாராம். கூரையில் கண்ணாடித் திறப்பு வைத்த வண்டியாம். "வானம் பாக்கறது இருக்கட்டும், அந்த மஞ்ச வெளக்கு இருக்குதான்னு மொதல்ல கேக்கச் சொல்றனுங்கண்ணா" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.