கூற்று இல்லாத தந்தை

அகப்பாடலில் யார் யார் வாய்திறந்து பேசலாம் என்பதற்கும் தொல்காப்பியர் விதி வகுத்துள்ளார். களவில் பேசுதற்குரியோர் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என்னும் அறுவர். கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் சேரப் பன்னிருவராவர். இவ்வாறு எண்ணிக் கூறியபின், பேசலாகாதவர் யாவர் என்பதையும் செய்யுளியல் சொல்கிறது. ஊரார், அயலார், சேரியார், நோயின் திறம் அறிவோர் ஆகியோரோடு தந்தையும் தமையனும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். இவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துரைக்கலாமேயன்றி, இவர்களுக்கெனத் தனிக்கூற்று இல்லை. மகளின் காதலைத் தந்தை அறிவதும் குறிப்பினால்தான் என்று களவியல் கூறும்.

பன்முறை இதனை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். தேர்வுக்கு வரும் வினா என்ற அளவில் நடத்திவிட்டுக் கடந்திருக்கிறோம். பெற்றவனுக்கு ஏன் பேச்சில்லை என்று மாணவரும் கேட்டதில்லை. நாமும் நின்று எண்ணியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு மாணவர்க்குத் தாயைப் பற்றி ஒன்றும் தந்தையைப் பற்றி ஒன்றுமாக இரண்டு கட்டுரைகள் எழுதப் பணித்தபோதுதான் அந்த நூற்பா நம்மைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து வரும் பிள்ளைகள் அவ்வகுப்பில் மிகுதி. தாயைப் பற்றிய கட்டுரைகள் தாள் நிரம்பி வழிந்தன. தந்தையைப் பற்றியவை பத்து வரியைத் தாண்டவில்லை. பாகூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் ஓசை கேட்டதும் வீட்டில் தொலைக்காட்சியின் ஒலி குறைந்துவிடும் என்று எழுதியிருந்தாள். ஒரு மாணவன், “என் அப்பா நல்லவர்” என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, எஞ்சிய பக்கத்தை அப்படியே விட்டிருந்தான். அந்த வெற்றுத்தாளுக்கு என்ன மதிப்பெண் இடுவது என்று வெகுநேரம் தயங்கினோம்.

தமிழ்த்தந்தை தொடக்கத்திலேயே வாய்மூடியவன் அல்லன். தளர்நடையிட்டு வந்து, உண்கலத்தில் கையைவிட்டு, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வு வாழ்வாகாது என்று புறநானூற்றில் (188) பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி, ஆண்மகன், அரசன். மக்களின் சிறுகை அளாவிய கூழையும் அவர்தம் மழலையையும் வியந்த வள்ளுவர், தாயை மட்டும் எண்ணிச் சொன்னார் என்று கொள்வதற்கில்லை. ஆக, குழந்தை தவழும் வரை தந்தைக்குப் பேச்சு உண்டு. இன்றும் நம் ஊர்களில் ஏரிக்கரை வழியே மகளைத் தோளில் சுமந்து திருவிழாவுக்குப் போகும் தந்தையரைக் காணலாம். அவளுக்குப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும்போது அந்தத் தோள் விலகுகிறது. மகன் மீசை அரும்பும் பருவத்தில், “எங்கேடா போனே?” என்ற கேள்வி ஒன்றே மிஞ்சுகிறது. காதல் என்பது இன்னதென்று பிள்ளை அறியத் தொடங்கும் அதே வயதில்தான் தந்தை வாய்மூடுகிறார். தந்தையின் பேச்சு நிற்குமிடத்தில் பிள்ளையின் அகவாழ்வு தொடங்குகிறது.

இதற்கு உழைப்பின் அமைப்பும் ஒரு காரணம். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் நீர், ஏரியிலிருந்து வயலுக்கு முறைவைத்துப் பாயும். இரவு முறை வந்தால் மண்வெட்டியோடு போகிறவர் விடிந்துதான் வீடு திரும்புவார். வில்லியனூர்ப் பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறைகள் புதுச்சேரிப் பஞ்சாலைகளை நம்பி வாழ்ந்தன. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படையின் துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர் உயிர்நீத்த போராட்டம், ஆலைத்தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலையை ஈட்டித் தந்தது. ஆயினும் அந்த எட்டு மணி இரவிலா பகலிலா என்பதை ஆலைச் சங்குதான் முடிவு செய்தது. தந்தை உறங்கும் பகலில் வீடே கிசுகிசுவென்று பேசிப் பழகிற்று. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆகிய மூன்று ஆலைகளும் 2020-இல் மூடப்பட்டுவிட்டன. கிசுகிசுத்துப் பழகிய அவ்வீட்டுப் பிள்ளைகள் இன்று தாமே தந்தையராக இருக்கின்றனர்.

பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன ‘சொல்தா’க்களின் வீடுகள் வேறு. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீடுகள் வேறு. இவ்விரண்டாம் வகையை நம் சமுதாயம் நன்கறியும். எண்பதுகளில் கடிதத்தோடு ஒலிநாடாவும் வரும். அதில் அத்தா ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, கண்ணே என்றும் ராஜா என்றும் கொஞ்சுவார். இரண்டாண்டு கழித்து விடுப்பில் வந்து திண்ணையில் அமரும்போது அதே மனிதர்க்கு ஒரு சொல் எழாது. பெட்டிக்குள் பேசியவரும் எதிரே இருப்பவரும் ஒருவரே என்று நம்பப் பிள்ளைகள் திணறுவார்கள். இப்போது கைப்பேசியில் முகமே தெரிகிறது. “அத்தாகிட்ட பேசு” என்று தாய் நீட்டுவாள். “நல்லாயிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை அதைத் தாயிடமே திருப்பித் தந்துவிடும்.

இத்தந்தையரிடம் அன்பில்லை என்று எவரேனும் சொல்வாராயின் நாம் உடன்படோம். தேர்வு நாளன்று மகனின் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைப்பவர் அவர். மீன்துண்டில் பெரியதைத் தட்டின் ஓரம் ஒதுக்கிவிட்டு எழுபவரும் அவரே. அன்பு இருக்கிறது, அதற்குரிய மொழி இல்லை. பிள்ளைகள் தந்தையிடமிருந்து பெறும் உடைமைகளுள் அந்த மொழியின்மையும் ஒன்று. அது வயல்போலப் பாகப்பிரிவினைக்கு உட்படுவதன்று. எல்லாப் பிள்ளைக்கும் முழுமையாகவே கிடைத்துவிடுகிறது.

அது மணவாழ்வில் எவ்வாறு வெளிப்படுகிறது? மகனை முதலில் காண்போம். அன்பு என்றால் குறைவின்றிக் கொண்டுவந்து போடுவது என்றே அவன் கற்றிருக்கிறான். சம்பளத்தை அப்படியே மனைவியின் கையில் தருகிறான். “என்னோடு பேசமாட்டேன் என்கிறீர்களே” என்று அவள் கண்கலங்கினால், “உனக்கு என்ன குறை வைத்தேன்?” என்று கேட்கிறான். அது சினத்தில் எழும் வினா அன்று. உண்மையாகவே விளங்காமல் கேட்பது. வேறொரு வகை மகனும் உண்டு. தந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அன்றைய வானிலையைக் கணித்து வளர்ந்தவன் அவன். மனைவி சற்றுநேரம் பேசாதிருந்தாலே தன்மேல் ஏதோ பிழை என்று பதறுகிறான். பத்து முறை கேட்கிறான். கேட்டே அவளைச் சலிப்படையச் செய்கிறான்.

மகளின் நிலை இன்னும் நுட்பமானது. ஆண் என்றால் பேசாதவன் என்பதே அவள் கண்ட இலக்கணம். எனவே பேசாத கணவனின் மௌனத்துள் ஏதோ ஆழம் இருப்பதாகக் கொண்டு, அதற்கு உரையெழுதியே இருபது ஆண்டுகளைக் கழிப்பவள் உண்டு. இதற்கு நேர்மாறாக, பேருந்து நிறுத்தத்தில் “சாப்பிட்டாயா?” என்று அக்கறையோடு கேட்ட முதல் ஆடவனிடமே மனத்தை இழந்தவளும் உண்டு. அவன் நல்லவனா என்று நிறுத்துப் பார்க்க அவளிடம் எடைக்கல் இல்லை. பரிவான ஆண்குரலைக் கேட்டே பழகியிராத செவிக்கு நாலு சொல்லே பெருஞ்செல்வமாகத் தோன்றும். இத்தகைய பெண்களைக் குறை கூறுவது எளிது. நம் ஆசிரியர் அறைகளிலும் கூறியிருக்கிறோம்.

உளவியலார் இதனைப் பிணைப்புக் கோட்பாட்டால் விளக்குவர். அதனை வகுத்த ஆங்கிலேயர் ஜான் பௌல்பி தொடக்கத்தில் தாயைப் பற்றியே மிகுதியும் பேசினார். பிள்ளை வளர்ச்சிக்குத் தந்தை அளிக்கும் பங்கு மறக்கப்பட்டது என்று மைக்கேல் லாம்ப் 1975-இல் எழுதிய பின்னரே ஆய்வாளர் பார்வை தந்தைபால் திரும்பியது. 1987-இல் ஹேசன், ஷேவர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், டென்வர் நகர நாளிதழ் ஒன்றில் வினாப்படிவம் வெளியிட்டு, விடை அனுப்பியோருள் 620 பேரின் காதலுறவை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 56 பேர் நெருக்கத்தில் அச்சமின்றி இருந்தனர். 25 பேர் நெருக்கத்தைத் தவிர்த்தனர். 19 பேர் துணை தம்மை விட்டுவிடுமோ என்று ஓயாது அஞ்சினர். அச்சமற்றோர், தம் பெற்றோர் இருவரோடும் இருந்த உறவு இதமானது என்று நினைவுகூர்ந்தனர். நாளிதழைப் படித்துத் தாமாகவே எழுதியோரின் நினைவை நம்பிச் செய்த ஆய்வு இது. டென்வர் வேறு, திருபுவனை வேறு. எண்களை அப்படியே இங்குப் பொருத்துதல் தகாது. எனினும் தவிர்ப்போரையும் அஞ்சுவோரையும் மேலே கண்ட இருவகை மகன்களோடு ஒப்பிட்டால், அந்த முகங்கள் நமக்கு அயலானவை அல்ல.

இக்கருத்துக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1908-இல் புதுச்சேரிக்கு வந்த பாரதியார் தம் இளமைக் கதையைச் செய்யுளாக எழுதி, ‘கனவு’ என்னும் பெயரில் 1910-இல் வெளியிட்டார். சுயசரிதை என்று இன்று வழங்குவது அதுவே. ஐந்து வயதில் தாயை இழந்தவர் அவர். தந்தை சின்னசாமி ஐயர் மகன் கற்றுப் பெரியவனாக வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். தெருவில் விளையாடத் தந்தை விடாததால் தோழமையின்றி வருந்தியதை அந்நூலில் பாரதியார் குறிக்கிறார். அத்தனிமையில் வளர்ந்த பிள்ளை, பத்து வயதில் ஒரு சிறுமிமீது கொண்ட காதலை உயிருக்கு நிகராகப் பேசுகிறது. பின்னர்த் தந்தை மணம் முடித்துவைத்தபோது, அதில் தீங்குண்டு என்று தெரிந்தும் எதிர்க்கும் திறமின்றி நின்றதாக அவர் எழுதுகிறார். 1897-இல் செல்லம்மாளை மணந்தபோது அவருக்குப் பதினைந்து வயது நிறையவில்லை. மறு ஆண்டே தந்தையும் மறைந்தார். அரசையே எதிர்த்து எழுதியவர்க்கு, தந்தையிடம் ஒரு சொல் சொல்ல முடிந்ததில்லை. அது சொல்லப்படப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஓர் அச்சகமும் வேண்டியிருந்தன. ஆயினும் அந்நூலில் தந்தையின் பொருளிழப்பையும் மனமுறிவையும் அவர் இரக்கத்தோடே பாடியிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாரதியாரைவிட ஓராண்டு இளையவர், பிராகு நகரத்து எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா. ஒரே பெண்ணோடு 1914-இலும் 1917-இலுமாக இருமுறை மணவுறுதி செய்து இருமுறையும் முறித்தார். 1919-இல் வேறொரு பெண்ணை மணக்க முனைந்தபோது தந்தை எள்ளி நகையாடினார். அவ்வாண்டே தந்தைக்கு நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கடிதம் ஒன்றை எழுதினார். திருமணம் தந்தையின் ஆட்சிக்குட்பட்ட நிலம் என்பதால் தமக்கு அங்கு இடமில்லை என்பது அதன் உட்பொருள். நேரில் தர அஞ்சித் தாயிடம் கொடுத்தார். தாய் அதைத் தந்தையிடம் சேர்க்கவில்லை. மணமாகாமலே 1924-இல் மறைந்தார். நற்றாய் வழியாகவே தந்தைக்குச் செய்தி போகவேண்டும் என்னும் நம் அறத்தொடு நிற்றல் துறை ஈண்டு நினைவுக்கு வருகிறது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் உணர்த்துவது அதன் முறை. இன்றும் நம் ஊர்ப் பெண் அக்காளிடம் சொல்கிறாள்; அக்காள் அம்மாவிடம் சொல்கிறாள்; அம்மா நல்ல வேளை பார்த்துக் காத்திருக்கிறாள். சங்கிலியின் இறுதிக் கண்ணி தந்தையே. இடையில் ஒரு கண்ணி அறுந்தால், காஃப்காவின் கடிதம்போல் செய்தி நின்றுவிடும்.

தந்தையின் மௌனத்தைக் கண்ணியம் என்று நம்முள் சிலர் எண்ணுவர். மார்க்கம் அவ்வாறு கூறவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேரர் ஹசனை முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ பின் ஹாபிஸ், தமக்குப் பத்து மக்கள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னார். இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்பது நபியவர்களின் மறுமொழி. அன்னை பாத்திமா அவர்கள் வந்தால் எழுந்து நின்று வரவேற்று, தம் இடத்தில் அமரச் செய்ததும் வளர்ந்து மணமான பின்னரும் தொடர்ந்த வழக்கமாகும். தோள் விலகும் வயதைப் பற்றி மேலே சொன்னோமே, அது அங்கு இல்லை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. நிக்காஹில் மணமகளின் சம்மதம் இன்றியமையாதது. கன்னிப்பெண் நாணத்தால் வாய்திறவாவிடில் அவளது மௌனமே சம்மதம் என்பது நபிமொழி. நாணத்தால் எழும் மௌனத்துக்குச் சொன்னது இது. தந்தையும் மகளும் பத்தாண்டுகளாகப் பேசியே இராத வீட்டில், மணநாளன்று இரு சாட்சிகளோடு வந்து அவர் கேட்கும் கேள்விக்கு எழும் மௌனம் நாணமா, அச்சமா, பழக்கமா? கேட்பவர்க்கே தெரியாது.

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். மணமகளின் தந்தை வளைகுடாவில் நெடுங்காலம் இருந்து திரும்பியவர், அதிகம் பேசாதவர். சாட்சிகளோடு உள்ளறைக்குச் சென்று, மாப்பிள்ளையின் பெயரையும் மஹர் தொகையையும் சொல்லிச் சம்மதம் கேட்டார். மகள் தலை குனிந்திருந்தாள். சாட்சிகள் எழ முற்பட்டனர். அவர் கையமர்த்தி, அவர்களைத் தாழ்வாரத்தில் இருக்கச் சொன்னார். பெண்களையும் வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தாமல் மகளுக்கு எதிரே பாயில் அமர்ந்தார். என்ன பேசினார், அவள் என்ன சொன்னாள் என்பது வெளியே எவர்க்கும் கேட்கவில்லை. கூடத்தில் ஆலிம் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். நெடுநேரம் கழித்து மகளின் சிரிப்பொலி கேட்டது. அதன்பின் அவர் வந்து சாட்சிகளை உள்ளே அழைத்தார். அன்று நிக்காஹ் அரைமணி நேரம் பிந்தித் தொடங்கிற்று.