நாலு உள்ளங்கைப் பிடி

பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு செங்கல்லை நழுவ விட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராக இருக்கும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதற்கு ஆகும் நேரம் 2.8 விநாடி. 2020-இல் அறிமுகமான போர்ஷே 911 டர்போ எஸ், நின்ற இடத்திலிருந்து கிளம்பி அதே வேகத்தைத் தொட எடுத்துக்கொள்வது 2.7 விநாடி. பூமி ஒரு பொருளைத் தன்பால் இழுக்கிற இழுப்பைவிடச் சற்றுக் கூடுதலான இழுப்பை, 650 குதிரைத்திறன் கொண்ட ஓர் எஞ்சின் சமதளச் சாலையில் செய்துகாட்டுகிறது.

இந்தக் காரை ஓட்ட நம் நாட்டில் தனி உரிமம் எதுவும் வேண்டாம். மாருதி 800-ஐ ஓட்டிக் காட்டி வாங்கிய அதே இலகுரக வாகன உரிமம் போதும். அந்த மாருதியின் பெரும்பாலான மாடல்களுக்கு 40 குதிரைத்திறன்கூடக் கிடையாது. விமானி ஒருவர் ஒரு ரக விமானத்திலிருந்து இன்னொரு பெரிய ரகத்துக்கு மாறினால் மறுபடியும் பயிற்சி, மறுபடியும் தேர்வு. காருக்கு அப்படி இல்லை. சாவி கைக்கு வந்ததும், 'இதை ஓட்டுகிற அளவுக்கு எனக்குத் திறமை இருக்கிறதா?' என்ற வழக்கில் வண்டியோட்டியே வாதி, அவரே நீதிபதி. அந்தத் தீர்ப்பை மனிதர்கள் எப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டது, எனக்கு அந்த எஞ்சினைவிடப் பெரிய வியப்பு. அதற்கு முன், இங்கே திறமை என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம்.

எத்தனை கோடி ரூபாய் காராக இருந்தாலும் அது பூமியைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். அகலமான டயர் என்றால் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். முன்னே பாய்வது, பிரேக் பிடிப்பது, வளைவது எல்லாமே அந்த நாலு உள்ளங்கை ரப்பரின் பிடிமானத்தில்தான் நடக்கிறது. அந்தப் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு நிறையச் செலவழித்தால் வளைவதற்குக் கையில் மிச்சம் இருக்காது. வளைவுக்கே முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கடனுக்கு வழியில்லை, வண்டி சறுக்கும். ஜெர்மன் பொறியாளர் வூனிபால்ட் காம் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். வட்டத்துக்குள் எந்தத் திசையிலும் போகலாம், விளிம்பைத் தாண்ட முடியாது. வாகனப் பொறியியலில் இன்றும் அதற்குக் காம் வட்டம் என்றுதான் பெயர்.

இந்தச் சம்பளம் தீர்கிற விதம்தான் ஆளை ஏமாற்றுவது. 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். காய்ந்த நல்ல சாலையில், சாதாரண டயர்களோடு, மணிக்கு 75 கிலோமீட்டர் சுமாராக எல்லை. அதே வளைவில் 50-இல் போகிறவர் பிடிமானத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. 60-இல் போனால் மூன்றில் இரண்டு பங்கு செலவாகிவிட்டது. 68-இல் ஐந்தில் நான்கு பங்கு. தேவைப்படும் பிடிமானம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டரில் மீதியெல்லாம் கரைந்துபோகிறது. சாதாரணக் காராக இருந்தால் இதற்குள் அது பல முறை எச்சரித்திருக்கும். உடம்பு ஒரு பக்கம் சாயும், டயர் கிறீச்சிடும், பின்சீட்டில் இருக்கும் அத்தை மேலே இருக்கும் கைப்பிடியைத் தேடுவார். ஸ்போர்ட்ஸ் காரை வடிவமைப்பவர்கள் இந்த அசௌகரியங்களையெல்லாம் அக்கறையோடு அகற்றியிருக்கிறார்கள். விறைப்பான ஸ்பிரிங், அகல டயர், தாழ்ந்த உடல். எல்லையும் மேலே போய்விட்டது, எல்லை நெருங்குகிறது என்று சொல்லும் குரலும் தணிந்துவிட்டது. சுகமாகப் போகிறது என்ற உணர்வை ஓட்டுபவர் தன் திறமையின் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்.

எடை இடம் மாறுவது இன்னொரு விஷயம். கல்யாண மண்டபத்துக்கு சாம்பார் அண்டாவை வேனில் ஏற்றிப் போகிற ஓட்டுநருக்கு இது பாடமாகவே தெரியும். பிரேக்கைத் தொட்டால் சாம்பார் முன்விளிம்புக்கு ஏறுகிறது, கிளம்பினால் பின்விளிம்புக்கு, வளைந்தால் வெளிப்பக்கத்துக்கு. அவர் ஒவ்வொரு அசைவையும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிப்பார். காரின் எடையும் இப்படித்தான் நான்கு டயர்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கிறது. எடை அழுத்துகிற டயர் சாலையைக் கெட்டியாகப் பிடிக்கும், எடை விலகிய டயரின் பிடி தளரும். ஆக, வலது பாதத்தின் ஒவ்வொரு அசைவும் அந்த நாலு உள்ளங்கைகளில் எதற்கு எவ்வளவு பலம் என்பதை மாற்றி எழுதுகிறது.

இதை மிகக் கடுமையாகக் கற்றுக்கொடுத்த கார், 1975-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போ. தொழிற்சாலைக்குள் அதற்கு 930 என்று பெயர். இன்றைய கணக்கில் அதன் 260 குதிரைத்திறன் பெரிதில்லை. ஆனால் 911-இல் எஞ்சின் இருப்பது பின்சக்கர அச்சுக்கும் பின்னால். சுத்தியலைக் கைப்பிடி முன்னே இருக்கும்படி எறிந்தால் கனமான தலை முன்னுக்கு வரப் பார்க்குமே, அந்த நிலைமை. இந்தக் குணத்தை அடக்கத்தான் 1969-ஆம் ஆண்டு மாடலிலேயே, எஞ்சினை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தியிருந்தார்கள். 930-இல் அதனோடு டர்போவும் சேர்ந்தது. அந்தக் காலத்து டர்போ, மிதித்தவுடன் பதில் சொல்லாது. வெளியேறும் புகை அதன் விசிறியைச் சுழற்றி வேகம் பிடிக்கும்வரை ஒரு மௌனம், பிறகு மொத்தமாக ஒரு தள்ளு.

வளைவுக்குள் நுழைகிற புதியவரை நினைத்துப் பாருங்கள். மிதிக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதிக்கிறார். வளைவின் நடுவில், எதிர்பாராத நேரத்தில், டர்போ வந்து சேர்கிறது. பயம். பயந்தவர் செய்வது ஒன்றே ஒன்று, ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்பார். பிறந்ததிலிருந்து ஓட்டிய எல்லா வண்டியிலும் அவரைக் காப்பாற்றிய பழக்கம் அது. இங்கே அந்த நொடியில் எடை முன்பக்கம் பாய்கிறது, பின்டயர்களின் பிடி தளர்கிறது, கனமான பின்பகுதி வெளியே வீசுகிறது. கார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பின்பக்கமாகச் சாலையை விட்டு இறங்குகிறது. மனைவியரை விதவையாக்கும் வண்டி என்ற பொருளில் அதற்கு ஒரு பட்டப்பெயர் நிலைத்துப்போனது. தப்பிக்க வேண்டுமானால் காலை எடுக்காமல், மிக மெதுவாக மட்டும் தளர்த்தி, சறுக்கும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். உடம்பு கத்திச் சொல்வதற்கு நேர் எதிரானது. படித்துத் தெரிந்துகொண்டால் போதாது, அரை விநாடிக்குள் கால் தானாகச் செய்ய வேண்டும்.

கண்ணும் இதில் பங்காளி. மைக்கேல் லாண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல், எடின்பரோவின் வளைந்து நெளிந்த சாலை ஒன்றில் ஓட்டுபவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தார்கள். வளைவு வருவதற்கு ஓரிரு விநாடி முன்பே கண், வளைவின் உள்விளிம்பு முட்டித் திரும்பும் புள்ளிக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஸ்டியரிங் பிறகுதான் திரும்புகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரில் ஒரு விநாடி என்பது 55 மீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் முன்னால் பார்க்கக் கண்ணைப் பழக்காதவர், ஏற்கனவே நடந்து முடிந்ததைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போதைய கார்கள் 930 மாதிரி பழிவாங்குவதில்லை. 1995-இல் போஷ் நிறுவனமும் மெர்சிடிஸும் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, ஸ்டியரிங் காட்டும் திசையையும் கார் உண்மையில் திரும்பும் திசையையும் ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் தேவையான ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக்கைத் தட்டி வண்டியை நேராக்குகிறது. மனிதனுக்கு இருப்பது ஒரே பிரேக் பெடல். உலகின் ஆகச் சிறந்த பந்தய வீரராலும் நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் போட முடியாது. எத்தனையோ உயிர்களைக் காத்த அற்புதமான கருவி அது. ஆனால் நம் பிழையை நமக்கே தெரியாமல் திருத்தி வைத்துவிட்டுப் போகிற உதவியாளரும் அதுவே. அது வேலை செய்ததற்கு ஒரே சாட்சி, டாஷ்போர்டில் மினுக்கிவிட்டு மறையும் மஞ்சள் விளக்கு: ஒரு கார், அதன் பின்னே நெளியும் இரண்டு கோடுகள். தன் திறமையைப் பற்றிக் கேட்கிறவர், கடந்த மாதத்தில் அந்த விளக்கு எத்தனை முறை மினுக்கியது, ஒவ்வொரு முறையும் ஏன் என்று சொல்ல முடிகிறதா என்று முதலில் பார்க்கட்டும். மினுக்கியதையே கவனித்ததில்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

1981-இல் ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர், அமெரிக்க, ஸ்வீடன் மாணவர்களிடம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஓட்டும் திறமை எப்படி என்று கேட்டார். அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதம். மேல்பாதியில் பாதிப் பேருக்குத்தான் இடம். இதைப் படித்ததும், சரி, பயிற்சிக்குப் போனால் தீர்ந்தது என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் கதை திரும்புகிறது.

அதே ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகெர்சன் 1996-இல் வெளியிட்ட சோதனை இது. இளம் ஓட்டுநர்களை இரு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழுக்கும் தளத்தில் பிரேக் போட்டு விலகும் வித்தையைப் பழக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு, அந்தச் சூழ்நிலையில் தங்கள் திறமை எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பதை அனுபவமாகக் காட்டினார்கள். பிறகு, நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, செய்யச் சொன்னார்கள். இரு குழுவும் ஒரே அளவில்தான் செய்தன. வித்தை பழகிய குழு மட்டும் தன்னை அதிகமாக மதிப்பிட்டிருந்தது. நார்வேயில் 1979 முதல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடின. அமெரிக்காவில் பந்தய உரிமம் வைத்திருப்பவர்களின் பொதுச்சாலைப் பதிவுகளை 1974-இல் ஆராய்ந்தபோது, சாதாரண ஓட்டுநர்களைவிட அவர்களுக்கே விபத்தும் வேக மீறலும் அதிகம் என்று தெரிந்தது. கையில் சேர்கிற திறமையை மனம் பத்திரமாகச் சேமித்து வைப்பதில்லை. உடனே அதை வேகமாக மாற்றிச் செலவழித்துவிடுகிறது.

தெற்கு ஆஸ்திரேலியா இதில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. அங்கே லம்போர்கினி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து ஒரு சிறுமியின் உயிரைப் பறித்த பிறகு எழுந்த கோரிக்கையால், 2024 டிசம்பரிலிருந்து, ஒரு டன் எடைக்கு 276 கிலோவாட்டுக்குக் குறையாத திறனுள்ள கார்களுக்குத் தனி உரிமம் வேண்டும். அந்தக் கார்களில் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைப்பதும் குற்றம். உரிமத்துக்கான பாடம் இணையவழியில்தான் நடக்கிறது. அதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் இருக்கலாம். கிரெகெர்சனின் சோதனையைப் படித்த பிறகு எனக்கு அது குறையாகப் படவில்லை. சறுக்கலைச் சமாளிக்கக் கற்றுத்தருவதைவிட, சறுக்கல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று புரியவைப்பது மேல்.

அந்த அருகாமையைத் தனக்குத்தானே அளந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரு முறை காலியான தளம் ஒன்றில், சாதாரண செடான் காரில், பயிற்சியாளர் ஒருவர் எனக்கு அதைக் காட்டினார். தரையில் ஒரு வெள்ளைக் கோடு. 60-இல் வந்து, முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். கார் அதிர்ந்து நின்ற இடத்தை அளந்தோம், 18 மீட்டர். பிறகு ஓர் ஆரஞ்சு நிறக் கோனை என் கையில் கொடுத்தார். "இப்ப 80-ல வரப்போறீங்க. எங்க நிக்கும்னு நினைக்கிறீங்களோ அங்க வைங்க சார்." வேகத்தின் இருமடிச் சூத்திரம் எனக்குப் பள்ளி நாள்முதல் தெரியும். ஆனாலும் தளத்தில் நின்று பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுகிறது, தூரமும் மூன்றில் ஒரு பங்கு கூடினால் சரியாக இருக்கும் என்றுதான் கண் சொன்னது. 24 மீட்டரில் வைத்தேன்.

80-இல் வந்தேன். கோட்டில் மிதித்தேன். பெடல் காலுக்கு அடியில் படபடவென்று உதைத்தது. கோன் பம்பருக்குக் கீழே போய் மறைந்தது, கார் இன்னும் போய்க்கொண்டிருந்தது. நின்றபோது அளந்தால் 31 மீட்டர். ஏழு மீட்டர் தவறு. அந்த ஏழு மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூட ஆட்டோவும் அதன் முன்னால் நிற்கிற குழந்தைகளும் அடக்கம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காருக்கு அடியிலிருந்து கோனை இழுத்து, ஒடுக்கை நிமிர்த்தி, மறுபடி என் கையில் கொடுத்தார். "இப்ப 100-க்கு வைங்க."

கோட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். முந்தைய டயர் தடத்தைத் தாண்டியபோது இது போதும் என்று கால் சொன்னது. நிற்கவில்லை. அறுபத்தைந்து தப்படி எண்ணி, அங்கே கோனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கோடும் கார் ஓரத்தில் நின்ற அவர் உருவமும் அங்கிருந்து மிகச் சிறியதாகத் தெரிந்தன.